வெளிநாட்டுக் கடையில் "ரூபாய்" என்று சொல்லாதீர்கள்!

எங்கள் தெருவில் ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர் ஒருவர் இருக்கிறார். கணக்கு வாத்தியார். முப்பத்தைந்து வருஷம் பிள்ளைகளுக்கு வட்டிக் கணக்கும் சதவிகிதக் கணக்கும் சொல்லிக் கொடுத்தவர். மளிகைக் கடைக்காரர் மீதிச் சில்லறையில் ஒரு ரூபாய் குறைத்துவிட்டால், திரும்பிப் போய்க் கேட்டு வாங்காமல் விடமாட்டார்.

சென்ற வருஷம் அவரும் அவருடைய மனைவியும் சிங்கப்பூரில் இருக்கும் மகளைப் பார்க்கப் போனார்கள். பேத்திக்கு ஒரு சங்கிலி வாங்கிப் போட வேண்டும் என்பது பெரியவரின் ஆசை. அதுவும் மாப்பிள்ளையின் பணத்தில் அல்ல. தம்முடைய பென்ஷன் பணத்தில்!

கடையில் சங்கிலியின் விலை 1,000 சிங்கப்பூர் டாலர். பெரியவர் கார்டை நீட்டினார். சிறிய இயந்திரத்தின் முகப்பில் ஒரு கேள்வி வந்தது. "சிங்கப்பூர் டாலரில் செலுத்துகிறீர்களா? இந்திய ரூபாயில் செலுத்துகிறீர்களா?"

அந்நிய தேசத்தில் நம் ரூபாயின் பெயரைக் கண்டதும், சொந்தக்காரரைச் சந்தித்ததுபோல் இருந்தது அவருக்கு. "ரூபாய்" என்பதைத் தொட்டார். பேத்தியின் கழுத்தில் சங்கிலி ஏறியது. எல்லோருக்கும் சந்தோஷம்.

ஊருக்குத் திரும்பிய பிறகு ஒரு நாள் பாங்கிக் கணக்கை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். கணக்கு உதைத்தது! வாசகர்களுக்கு எளிதாக இருக்கட்டும் என்று, ஒரு சிங்கப்பூர் டாலர் 70 ரூபாய் என்று வைத்துச் சொல்கிறேன். சங்கிலியின் விலை 70,000 ரூபாய் ஆக வேண்டும். கடை இயந்திரம் போட்டிருந்ததோ 73,500 ரூபாய். அதற்கு மேல் நம் ஊர்ப் பாங்கி ஒரு சதவிகிதம் கட்டணம் 735 ரூபாய் போட்டது. அந்தக் கட்டணத்துக்கு 18 சதவிகிதம் ஜி.எஸ்.டி. வரி 132 ரூபாய். மொத்தம் 74,367.

சங்கிலிக்கு மேல் 4,367 ரூபாய்! தம்பதிகள் இருவருக்கும் மாத்திரை மருந்து வாங்கும் பணம்.

"பணம் போனதுகூடப் பெரிதல்ல, சார்! எந்த இடத்தில் போயிற்று என்று எனக்கே தெரியவில்லையே! முப்பத்தைந்து வருஷம் சதவிகிதம் சொல்லிக் கொடுத்தவனுக்கு!" என்றார் என்னிடம்.

வாத்தியாருக்கே தெரியவில்லை என்றால், நம்மைப் போன்றவர்கள் கதி என்ன?

ஒளிந்திருக்கும் கட்டணம்

முன்பெல்லாம் வெளிநாட்டுப் பிரயாணம் என்பது பெரிய மனிதர்களின் சமாசாரம். அரசாங்கம் அந்நியச் செலாவணியைத் துளித் துளியாக அளந்து கொடுத்த காலம் அது. 1960-களில் மேல்படிப்புக்குப் போன மாணவர்கள், சட்டைப் பையில் 8 டாலருடன் விமானம் ஏறிய கதையை இன்றும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். இப்போது அந்தக் கட்டுப்பாடு இல்லை. 2004-ல் ரிசர்வ் பாங்கி ஒரு திட்டம் கொண்டுவந்து, ஒருவர் வருஷத்துக்கு 25,000 டாலர் வரை வெளியே அனுப்பலாம் என்றது. இன்று அந்த வரம்பு 2,50,000 டாலர்.

ஆகவே இன்று மகளின் பிரசவத்துக்குப் போகும் தாய், மகனைப் பார்க்கப் போகும் விவசாயி, படிக்கப் போகும் பையன், முதல் முறையாக மலேசியாவும் தாய்லாந்தும் பார்க்கப் போகும் சிறு கடைக்காரர் என்று எல்லோரும் விமானம் ஏறுகிறார்கள். எல்லோர் பையிலும் ஒரு கார்டு இருக்கிறது. அந்தக் கார்டு வெளிநாட்டில் என்ன விலை கேட்கிறது என்பது மட்டும் பலருக்குத் தெரியாது.

காரணம், அது கட்டணம்போல் வேஷம் போட்டு வருவதில்லை. நாணய மாற்று விலைக்குள் ஒளிந்துகொண்டு வருகிறது.

நீங்கள் வெளிநாட்டுக் கடையில் கார்டைக் கொடுத்தால், முதலில் விசா, மாஸ்டர்கார்டு போன்ற கார்டு கம்பெனி அந்த நாட்டுப் பணத்தை ரூபாயாக மாற்றுகிறது. அதற்கு அந்தக் கம்பெனிக்கு அன்றாட விலை ஒன்று உண்டு. பாங்கிகள் தமக்குள் கொடுத்து வாங்கும் மொத்த விலையை ஒட்டித்தான் அது இருக்கும். கம்பெனிகளின் இணையத் தளத்தில் யாரும் பார்க்கலாம். இதுவரை பெரிய குறை இல்லை.

அதற்குப் பிறகுதான் உங்கள் பாங்கியின் கை நீள்கிறது. மாற்றிய தொகையின் மேல் ஒரு சதவிகிதம் ஏற்றுகிறது. "மார்க்-அப்" என்று அதற்குப் பெயர். பல கார்டுகளில் இது 2 முதல் 3.5 சதவிகிதம் வரை இருக்கும். இதற்கு மேல் 18 சதவிகிதம் ஜி.எஸ்.டி. உண்டு. ஆகவே 3.5 என்று சொன்னால், கையை விட்டுப் போவது 4.13 சதவிகிதம்!

ஒரு குடும்பம் வெளிநாட்டில் கார்டு மூலம் ஒன்றரை லட்சம் ரூபாய் செலவு செய்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 3.5 சதவிகிதக் கார்டில் 6,195 ரூபாய் கூடுதலாகப் போகும். 2 சதவிகிதக் கார்டில் 3,540 ரூபாய். மார்க்-அப் இல்லாத கார்டில் ஒன்றும் இல்லை. ஒரே கடை, ஒரே சாமான், ஒரே நாள். கார்டு மட்டுமே வேறு!

"ரூபாய்" என்ற தூண்டில்

நமது வாத்தியார் மாட்டிக்கொண்டது இதற்கும் மேலான ஒரு தூண்டில்.

வெளிநாட்டுக் கடையில் "ரூபாயில் கொடுக்கிறீர்களா?" என்று கேட்பது உபகாரம் அல்ல. ரூபாய் என்று நீங்கள் சொன்னவுடன், கார்டு கம்பெனியின் விலை விலகிக்கொள்கிறது. கடைக்காரரின் பாங்கியும் அதனுடன் சேர்ந்து நாணயம் மாற்றும் நிறுவனமும் தாங்களே ஒரு விலை வைத்துக்கொள்கின்றன. அந்த லாபத்தில் கடைக்கும் பங்கு கிடைப்பதுண்டு. விற்பனையாளர் சிரித்த முகத்துடன் "ரூபாய்தானே உங்களுக்குச் சௌகரியம்?" என்று கேட்பதன் ரகசியம் இதுதான்.

"ரூபாயில் கொடுத்தால் என் பாங்கியின் மார்க்-அப் போய்விடுமே?" என்று நினைப்பீர்கள். அங்கேதான் இரண்டாவது அடி! அந்நிய நாட்டுக் கடையில் ரூபாயில் நடந்த வியாபாரத்துக்கும் தனிக் கட்டணம் போடும் பாங்கிகள் இங்கே இருக்கின்றன. வாத்தியாருக்கு 735 ரூபாய் விழுந்தது அப்படித்தான். வீட்டில் இருந்தபடியே வெளிநாட்டு ஓட்டல் அறையையோ விமான டிக்கெட்டையோ பதிவு செய்யும்போதும் இது நேரலாம். திரையில் ரூபாய் விலை தெரியும். பணம் வாங்கும் கம்பெனி வெளிநாட்டில் இருக்கும்.

இதற்கு மருந்து ஒன்றே ஒன்று. எந்த நாட்டில் இருக்கிறீர்களோ, அந்த நாட்டுப் பணத்திலேயே கொடுங்கள். சிங்கப்பூரில் டாலர். மலேசியாவில் ரிங்கிட். தாய்லாந்தில் பாட். துபாயில் திர்ஹம். கேட்காமலேயே ரூபாயில் போட்டுவிட்டால், கையெழுத்துப் போடாமல், "ரத்து செய்துவிட்டு உங்கள் நாட்டுப் பணத்தில் போடுங்கள்" என்று சொல்லுங்கள். கூச்சப்பட வேண்டாம். எந்தப் பணத்தில் கொடுப்பது என்று தீர்மானிக்கும் உரிமை உங்களுடையது. கார்டு கம்பெனிகளின் விதியே அதுதான்.

ஏ.டி.எம். இயந்திரமும் இதே கேள்வியைக் கேட்கும். "இந்த மாற்று விலையை ஏற்கிறீர்களா?" என்று பெரிய எழுத்தில் காட்டும். ஏற்கவில்லை என்று அழுத்தினால் பணம் வராதோ என்ற பயம் தோன்றும். பயம் வேண்டாம். சாதாரணமாகப் பணம் வரும்; விலை மட்டும் உங்கள் கார்டு கம்பெனியின் விலையாக இருக்கும்.

எந்தக் கார்டு நல்லது?

"சரி, எந்தக் கார்டை எடுத்துக்கொண்டு போவது?" என்பது அடுத்த கேள்வி.

முதலாவது, மார்க்-அப் இல்லாத கார்டு. சில வருஷங்களாக நம் நாட்டிலும் சில பாங்கிகள் இத்தகைய கிரெடிட் கார்டும் டெபிட் கார்டும் கொடுக்கின்றன. செலவுக்கு இதுவே முதல் தரம். ஆனால் "பூஜ்யம்" என்ற சொல்லைக் கண்டு மயங்கிவிடக் கூடாது. வருஷக் கட்டணம் உண்டா என்று கேளுங்கள். ஏ.டி.எம்.மில் பணம் எடுத்தால் என்ன கட்டணம் என்று கேளுங்கள். எந்தப் பாங்கியும் தர்மத்துக்குக் கார்டு கொடுப்பதில்லை. கிரெடிட் கார்டு பாக்கியை முழுவதும் கட்டாவிட்டால் மாதத்துக்கு 3 சதவிகிதத்துக்கு மேலேயே வட்டி போடுகிறார்கள். மார்க்-அப்பில் மிச்சம் பிடித்ததை ஒரே மாத வட்டி விழுங்கிவிடும்.

இரண்டாவது, முன்கூட்டியே பணம் போட்டு வைக்கும் பாரெக்ஸ் கார்டு. புறப்படும் முன்பே டாலராகவோ வேறு நாணயமாகவோ அதில் ஏற்றிக்கொள்ளலாம். அன்றைய விலை நிச்சயமாகிவிடும். பிறகு ரூபாய் சரிந்தாலும் கவலை இல்லை. கணக்குப் பார்த்துச் செலவு செய்கிறவர்களுக்கும் பிள்ளைகளைப் படிக்க அனுப்புகிறவர்களுக்கும் இது ஏற்றது. ஆனால் பணம் ஏற்றும்போது பாங்கி சொல்லும் விலையை, அன்றைய சந்தை விலையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அமெரிக்க டாலர் ஏற்றிய கார்டைத் தாய்லாந்தில் நீட்டினால், டாலர் பாட்டாக மாறும்போது மறுபடியும் கட்டணம் விழும். போகிற நாட்டின் நாணயத்தையே ஏற்ற முடியுமா என்று கேட்க வேண்டும். மிஞ்சிய பணத்தைத் திருப்பி வாங்கவும், கார்டு நெடுநாள் சும்மா கிடந்தாலும் கட்டணம் உண்டா என்றும் கேட்க வேண்டும்.

மூன்றாவது, நம் பையில் ஏற்கெனவே இருக்கும் சாதாரணக் கார்டு. இதை ஆபத்துக்குத் துணையாக வைத்துக்கொள்ளலாம். முதல் கார்டாக வைத்துக்கொள்வதுதான் நஷ்டம்.

ஓட்டல்காரர்களும் வாடகைக் கார் கம்பெனிகளும் முன்பணமாக ஒரு தொகையைக் கார்டில் நிறுத்தி வைப்பார்கள். அதற்கு மட்டும் கிரெடிட் கார்டே சௌகரியம். டெபிட் கார்டையும் பாரெக்ஸ் கார்டையும் கொடுத்தால், உங்கள் சொந்தப் பணம் பல நாள் முடங்கிக் கிடக்கும்.

ரொக்கம் வேண்டாமா?

வேண்டும், கொஞ்சம் வேண்டும். டாக்சிக்கும் சிறு உணவுக் கடைக்கும் ரொக்கம் இல்லாமல் முடியாது. பெரும்பாலான நாடுகளுக்குப் போகிறவர்கள் ஒரு பிரயாணத்துக்கு 3,000 டாலர் மதிப்பு வரை நோட்டாக எடுத்துச் செல்ல ரிசர்வ் பாங்கி அனுமதிக்கிறது.

ஆனால் நோட்டை விமான நிலையத்தில் வாங்காதீர்கள். "கமிஷன் கிடையாது" என்று அங்கே பலகை தொங்கும். உண்மைதான், கமிஷன் கிடையாது. விலையிலேயே எல்லாம் அடங்கிவிடும்! இரண்டு நாள் முன்பாக ஊரிலேயே அனுமதி பெற்ற இரண்டு மூன்று இடங்களில் விலை கேட்டு வாங்குங்கள். ஒரு லட்சம் ரூபாய்க்கு வாங்கினால் ஜி.எஸ்.டி. 180 ரூபாய்தான். விற்பவர் சொல்லும் விலையில்தான் லாப நஷ்டம் இருக்கிறது.

வெளிநாட்டு ஏ.டி.எம்.மில் அடிக்கடி சிறு தொகை எடுப்பதும் வீண். தாய்லாந்தில் அந்நிய நாட்டுக் கார்டை நுழைத்தாலே, ஒவ்வொரு தடவையும் 220 பாட்டோ அதற்கு மேலோ அங்குள்ள பாங்கி பிடித்துக்கொள்கிறது. 2,000 பாட் எடுத்தாலும் அதே கட்டணம். 20,000 எடுத்தாலும் அதே கட்டணம். எடுப்பதை ஒரே தடவையில் எடுங்கள். கிரெடிட் கார்டில் மட்டும் ரொக்கம் எடுக்கவே வேண்டாம். எடுத்த நாளிலிருந்தே வட்டி ஓடத் தொடங்கிவிடும்.

சிறு கட்டணங்களையும் கவனியுங்கள். சிங்கப்பூரில் பஸ்ஸிலும் ரயிலிலும் நம் கார்டைத் தட்டிவிட்டு ஏறலாம். ஆனால் வெளிநாட்டுக் கார்டு என்றால், உபயோகிக்கும் நாள் ஒவ்வொன்றுக்கும் 60 காசு டாலர் தனிக் கட்டணம். ஒரு மாதம் தங்கும் பெற்றோர், அங்கேயே கிடைக்கும் பிரயாணக் கார்டை வாங்கிக்கொள்வது மேல்.

இப்போது சிங்கப்பூர், ஐக்கிய அரபு நாடுகள், இலங்கை, மொரீஷியஸ், நேபாளம், பூட்டான் முதலிய நாடுகளில் சில கடைகளில் நம் யு.பி.ஐ. மூலமும் பணம் கொடுக்கலாம். நல்ல முன்னேற்றம். ஆனாலும் உறுதி செய்யும் முன், கைப்பேசி காட்டும் ரூபாய்த் தொகையை அன்றைய விலையுடன் ஒப்பிட்டுப் பாருங்கள்.

புறப்படும் முன்

2020-ல் ரிசர்வ் பாங்கி ஒரு விதி செய்தது. புதிதாகக் கொடுக்கும் கார்டுகள் உள்நாட்டில் மட்டுமே வேலை செய்யும். வெளிநாட்டு உபயோகத்தை நாமே திறந்துவிட வேண்டும். கைப்பேசியிலோ பாங்கியிலோ இதைச் செய்துகொள்ளலாம். திறக்காமல் போய், ஓட்டல் வாசலில் விழித்துக்கொண்டு நிற்பவர்கள் உண்டு. திறக்கும்போதே தினசரி வரம்பையும் வைத்துவிடுங்கள். திரும்பி வந்ததும் மூடிவிடுங்கள்.

இரண்டு வேறு பாங்கிகளின் கார்டு இருக்கட்டும். இரண்டையும் ஒரே பையில் வைக்காதீர்கள். பாங்கியின் ரகசிய எண் வந்து சேரும் கைப்பேசி எண் வெளிநாட்டில் உயிரோடு இருக்கட்டும். கார்டு தொலைந்தால் எந்த எண்ணுக்குப் பேச வேண்டும் என்பதைத் தனித் தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

நாலாயிரம் பெரிதா?

"விமானத்துக்கு அவ்வளவு கொடுக்கிறவனுக்கு இந்த நாலாயிரம் பெரிதா?" என்று சிலர் கேட்கிறார்கள். இது சரியான கேள்வி அல்ல. ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்றார்கள் நம் பெரியவர்கள். அளக்கவே முடியாமல் ஆற்றில் போனால்?

கடன் வாங்கிப் பிள்ளையை வெளிநாட்டில் படிக்க வைக்கும் தகப்பனாரை நினைத்துப் பாருங்கள். பையன் நம் ஊர்ச் சாதாரணக் கார்டிலேயே மாதம் 50,000 ரூபாய் செலவு செய்தால், மார்க்-அப்பும் வரியும் மாதம் 2,065 ரூபாய். வருஷத்துக்கு 24,780 ரூபாய்! இது சாப்பிட்ட பணம் அல்ல. படித்த பணமும் அல்ல. கார்டைத் தேர்ந்தெடுக்கத் தெரியாததற்குக் கட்டிய அபராதம். அந்தத் தகப்பனார் தம் கடனுக்கு வட்டி கட்டுகிறார். அதற்கு மேல் இதையும் கட்டுகிறார்.

பாங்கிகள் கட்டணம் வாங்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. வேலை செய்கிறவர்களுக்குக் கூலி உண்டு. ஆனால் கூலியைச் சொல்லிவிட்டு வாங்க வேண்டும். கட்டண விவரம் எங்கேயும் இல்லை என்று சொல்ல முடியாது. கார்டுடன் வரும் "முக்கிய நிபந்தனைகள்" தாளில் இருக்கிறது. பொடி எழுத்தில், ஆங்கிலத்தில், பல பக்கங்களுக்கு நடுவே இருக்கிறது! ஓய்வுபெற்ற வாத்தியாரும் மாவு மில்காரரும் அதைத் தேடிக் கண்டுபிடித்துப் படிப்பார்களா?

ஐரோப்பிய யூனியன் 2019-ல் இதற்கு ஒரு சட்டம் செய்தது. 2020 ஏப்ரல் முதல், ஏ.டி.எம்.மிலும் கடையிலும் நாணயம் மாற்றித் தருகிறவர்கள், ஐரோப்பிய மத்திய பாங்கியின் விலைக்கு மேல் எத்தனை சதவிகிதம் கூடுதலாக வாங்குகிறார்கள் என்பதை முன்கூட்டியே சொல்ல வேண்டும். மக்கள் பார்க்கிறார்கள், ஒப்பிடுகிறார்கள், தீர்மானிக்கிறார்கள். அங்கே முடிந்தது இங்கே ஏன் முடியாது?

வெளிநாட்டு உபயோகத்தை நாம் கைப்பேசியில் திறக்கும் அந்த நிமிஷத்திலேயே, "இந்தக் கார்டில் 100 ரூபாய் செலவழித்தால் வரியுடன் 4 ரூபாய் 13 காசு கூடுதலாகப் பிடிப்போம்" என்று தமிழில் ஒரு வரி காட்டினால் போதும். பாங்கிக்கு அதனால் செலவு ஒன்றும் இல்லை. ரிசர்வ் பாங்கி ஓர் உத்தரவு போட்டால் நடந்துவிடும்.

அந்த உத்தரவு வரும்வரை நாமே கேட்டுக்கொள்ள வேண்டியதுதான். பாங்கிக்குப் போய் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "வெளிநாட்டில் செலவழித்தால் வரியுடன் சேர்த்து எத்தனை சதவிகிதம்?" பதிலை எழுதி வாங்குங்கள். அடுத்த பாங்கியிலும் கேளுங்கள். குறைவாகச் சொல்கிறவரிடம் கார்டு வாங்குங்கள். புறப்படுவதற்கு ஒரு மாதம் முன்பே இதைச் செய்யுங்கள். கார்டு கைக்கு வந்து சேர நாளாகும்.

நமது வாத்தியார் அடுத்த மாதம் மறுபடியும் சிங்கப்பூர் போகிறார். இரண்டாவது பேத்தி பிறந்திருக்கிறாள். அவளுக்கும் ஒரு சங்கிலி வேண்டுமே! மார்க்-அப் இல்லாத கார்டு ஒன்று வாங்கி வைத்திருக்கிறார். கார்டின் உறைமேல் கொட்டை எழுத்தில் ஒரு சீட்டு ஒட்டியிருக்கிறார். "டாலர் என்று சொல்" என்பதுதான் அது.

நீங்களும் ஒரு சீட்டு ஒட்டிக்கொள்ளுங்கள்!